பைத்தாவரம் ஏன் வாடுகிறது? யூட்ரிகுலேரியா வளர்ப்புச் சிக்கல்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிகள்

சிறு உயிர்களைப் பைகளால் பிடித்துத் தின்னும் பைத்தாவரம்தான் யூட்ரிகுலேரியா. அதற்கு வேரே கிடையாது. சிக்கல் வரும்போது நிறையப் பேர் தடுமாறுவது இதை மறந்துவிடுவதால்தான். சாதாரணச் செடி வாடினால் வேர் அழுகியதா, உரம் போதவில்லையா என்று யோசிப்போம். பைத்தாவரத்தில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் நூலிழை போன்ற ஓடுதண்டுகளும், அவற்றில் பெரும்பாலும் கடுகளவுகூட இல்லாத பைகளும்தான் இருக்கின்றன. பைதான் அதன் வாய். பையின் நிலை தெரியாமல் இலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், பத்து தடவையில் ஏழெட்டு தடவை தவறான வைத்தியம்தான் செய்வோம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையில் போகிறது: முதலில் பை, அப்புறம் தண்ணீர், அப்புறம் மண், கடைசியில்தான் இலையும் பூவும்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்த வகை?

200-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய பேரினம் இது. வளர்ப்பவருக்கு மூன்று பிரிவுகள் தெரிந்தால் போதும். ஈர மண்ணில் படர்பவை: லிவிடா, சாண்டர்சோனி, பைஸ்குவமேட்டா, சபுலாட்டா போன்றவை. தண்ணீரில் மிதப்பவை: கிப்பா, ஆஸ்ட்ராலிஸ், வல்காரிஸ், ஆரியா. மரக்கிளைப் பாசியிலும் பாறை இடுக்கிலும் வாழ்பவை: ஆல்பைனா, லாஞ்சிஃபோலியா, ரெனிஃபார்மிஸ். மண்ணில் வளர்வதற்குச் சரியான மருந்து மரத்தில் வளர்வதற்கு நஞ்சாகலாம். பெயர்ச்சீட்டு தொலைந்துபோன செடியாக இருந்தால், பூ வரும்வரை மண்ணில் படர்வதாக வைத்துக்கொண்டு கவனியுங்கள். கைமாறும் பெயர் தெரியாத தொட்டிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

இரண்டாம் படி: பையைப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் செடிக்கு வேறு எந்தக் கருவியும் இவ்வளவு பயன்படாது.

நீர்வகை என்றால் ஒரு கிளையைத் தண்ணீரோடு சேர்த்து வெள்ளைக் கிண்ணத்தில் எடுங்கள். தண்ணீரை விட்டு வெளியே தூக்காதீர்கள். தூக்கினால் தயாராக இருக்கும் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக் காற்றை உறிஞ்சிவிடும். சத்தமில்லாத அறையில் காதருகே பிடித்தால் அந்த மெல்லிய படபடப்புகூடக் கேட்கும். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பத் தண்ணீரில் போட்டதும் பைக்குள் வெள்ளி முத்து மாதிரி காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பை பெரும்பாலும் உதவாது.

மண்வகை என்றால் தொட்டியின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி அளவு மண்ணை அப்படியே பெயர்த்து, கிண்ணத்துத் தண்ணீரில் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். பீட் (சதுப்புநிலத்தில் பாதி மக்கிய பாசி மண்) கரைந்து விலகியதும் வெள்ளை நூல்களும் கண்ணாடி மணி போன்ற பைகளும் தெரியும். பார்த்து முடித்ததும் பெயர்த்த துண்டை அதே குழியில் வைத்து அழுத்திவிடுங்கள், ஒன்றும் ஆகாது. தெளிவான பிளாஸ்டிக் கோப்பையில் வளர்த்தால் தோண்டவே வேண்டாம். கோப்பைச் சுவரை ஒட்டியே பைகள் தெரியும். வெளிப்பக்கம் ஒரு கறுப்புத் தாளைச் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் சுவரில் பாசி பிடிக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்? பை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எளிது. பை தன் சுவர் வழியே தண்ணீரை வெளியே இறைத்து, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். வாசலில் இருக்கும் மயிரை ஏதாவது சிறு உயிர் தொட்டால் கதவு உள்பக்கம் மடங்கி, தண்ணீரும் இரையும் ஒரு மில்லி வினாடிக்குள் உறிஞ்சப்படும். பிறகு கால் மணி, அரை மணி நேரத்தில் தண்ணீரை வெளியேற்றி மறுபடி தயாராகும். 1875-ல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் மேரி ட்ரீட் நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்துத்தான் பை இரையை உள்ளே இழுக்கிறது என்று எழுதினார். அதே காலத்தில் சார்லஸ் டார்வின், இரைதான் தலையால் முட்டிக் கதவைத் திறந்து நுழைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, தயாராக இருக்கும் பையின் பக்கச்சுவர்கள் உள்ளே குழிந்திருக்கும். வெடித்து முடிந்த பை உப்பியிருக்கும். கிளையின் நுனிப்பக்கம் இருக்கும் இளம் பைகளில் பாதிக்கு மேல் குழிந்து, நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் செடி நன்றாக இருக்கிறது. இலை கொஞ்சம் மஞ்சளாக இருந்தாலும் கவலை வேண்டாம். இளம் பைகளே உப்பிக் கிடந்தால் செடிக்கு இறைக்கும் சக்தி இல்லை. வெளிச்சத்தையும் தண்ணீரையும் சோதியுங்கள். பைகளே புதிதாக உருவாகவில்லை, இலை மட்டும் செழிப்பாக வளர்கிறது என்றால் தண்ணீரில் சத்து அதிகம். வேட்டையாடத் தேவையில்லாதபோது செடி பை கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும்.

பை கறுத்திருக்கிறதே என்று பயந்து கேட்பவர்கள் அதிகம். கிளையின் பழைய பகுதியில் பை கறுப்பது இயல்பு. வயதாகிவிட்டது, அல்லது உள்ளே இரை செரித்துக்கொண்டிருக்கிறது. நுனியிலிருந்து முதல் சில சென்டிமீட்டரிலேயே கறுத்துக் குழைந்திருந்தால்தான் சிக்கல்.

மூன்றாம் படி: தண்ணீரை அளந்து பாருங்கள்

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட சாவுகளுக்குக் காரணம் குழாய்த் தண்ணீர்தான். உடனே கொல்லாது. இரண்டு மூன்று மாதம் செடி நன்றாகவே இருக்கும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் மண்ணில் தங்கும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிறகு ஒரு நாள் இலை நுனிகள் பழுப்பாகி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அப்போது நாம் முந்தின வாரம் என்ன செய்தோம் என்று யோசிப்போம். காரணம் மூன்று மாதத்துக்கு முன்னால் இருக்கும்.

மழைத்தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் மூன்றும் நல்லவை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருக்கட்டும். 100 வரை கடினமான இனங்கள் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். ஊற்றும் தண்ணீரை மட்டும் அளப்பது போதாது. தட்டில் தேங்கி நிற்கும் தண்ணீரையும் மாதம் ஒருமுறை அளங்கள், உண்மை அங்கேதான் தெரியும். கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்று நினைக்காதீர்கள். கொதித்து ஆவியாகும் அளவுக்கு உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். உப்பைப் பயன்படுத்தி மென்மையாக்கும் கருவியிலிருந்து வரும் தண்ணீரும் ஆகாது.

ஏற்கனவே உப்பேறிவிட்டதா? தொட்டியைத் தட்டிலிருந்து எடுத்து, மேலிருந்து சுத்தமான தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கடைசியாக வடியும் தண்ணீரை அளங்கள். 100-க்கு மேல் இருந்தால் மறுநாள் திரும்பச் செய்யுங்கள். இரண்டு தடவைக்கும் இறங்கவில்லை என்றால் சிக்கல் மண்ணிலேயே இருக்கிறது.

மண்: குறைவாகப் பேச வேண்டியது, ஆனால் தவறக் கூடாதது

பீட் மாஸ், சிலிக்கா மணல் சம பங்கு. மண்வகைகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. உரம் கலந்த பீட், தொழுவுரம், மண்புழு உரம் எதுவும் கூடாது. மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அந்த மணல் வேண்டாம். தேங்காய் நாரிலிருந்து வரும் கோகோபீட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், ஊறவைத்து, பிழிந்து, வடியும் தண்ணீரின் அளவு இறங்கும்வரை பல முறை அலசுங்கள். அலசாத கோகோபீட்டில் உப்பு அதிகம். சுட்ட மண்தொட்டியை விடப் பிளாஸ்டிக் தொட்டி பாதுகாப்பானது.

பீட் இரண்டு மூன்று வருடத்தில் குழைந்து சேறாகிவிடும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். முழுச் செடியையும் பிய்த்து மண்ணை உதறாதீர்கள், நூல்களெல்லாம் அறுந்துவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கட்டிகளாக மேற்பகுதியிலிருந்து வெட்டி, புதிய கலவையில் இடைவெளி விட்டுப் பதியுங்கள். தானே படர்ந்து சேர்ந்துகொள்ளும்.

மண்வகைகளில் அடிக்கடி வரும் சிக்கல்கள்

இலைகள் திடீரென்று காய்ந்து காகிதமாகிவிட்டதா? தட்டு ஒரு நாள் வற்றியிருக்கும். வேர் இல்லாததால் ஆழத்திலிருந்து நீர் எடுக்கச் செடிக்கு வழியில்லை. உடனே தூக்கிப் போடாதீர்கள். தொட்டியை விளிம்பு வரை தண்ணீரில் வைத்து, மேலே ஒரு கண்ணாடியை மூடி, நேர்வெயில் படாமல் மூன்று வாரம் விடுங்கள். கீழே ஒரு நூல் உயிரோடு இருந்தால் போதும், அதிலிருந்து இலை வரும். அதன்பிறகு தட்டில் எப்போதும் 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் இருக்கட்டும்.

தொட்டி முழுக்கப் பச்சை மெத்தை போலப் பாசியும், தட்டையாகப் படரும் லிவர்வொர்ட்டும் மூடிவிடுவது இன்னொன்று. சிறிய இலை கொண்ட இனங்கள் அதனடியில் மூச்சுமுட்டும். கையால் பிடுங்கினால் செடியும் சேர்ந்து வந்துவிடும். ட்வீஸரால் சிறிது சிறிதாக எடுங்கள், அல்லது கூரான கத்தரியால் மேலாக வெட்டிவிடுங்கள். முழுதாக மூடிவிட்டால், செடி நன்றாகத் தெரியும் ஒரே ஒரு கட்டியை எடுத்துப் புதிய தொட்டியில் தொடங்குவதே விரைவான வழி. வாராவாரம் பாசி பிடுங்குவதை விட இது நல்லது என்பது என் கருத்து.

பூக்கவில்லை என்பதுதான் பொதுவான புகார். முதலில் வெளிச்சம். இலை நீண்டு, வெளுத்து, நிமிர்ந்து நின்றால் வெளிச்சம் போதவில்லை. எல்.இ.டி. விளக்கு என்றால் தினம் 12 முதல் 14 மணி நேரம் கொடுங்கள். இரண்டாவது, செடி தொட்டியை நிரப்ப வேண்டும். பாதித் தொட்டி காலியாக இருக்கும்போது அது படர்வதிலேயே கவனமாக இருக்கும். அதனால் சிறிய தொட்டி நல்லது. மூன்றாவது, தண்ணீர் மட்டம். சில வாரம் விளிம்பு வரை தண்ணீர் வைத்து, பிறகு மெல்ல இறக்கினால் பல இனங்கள் பூந்தண்டு விடுகின்றன. வெள்ளம் வடிந்து நிலம் வெளிப்படும் காலத்தில் பூத்துப் பழகியவை அவை. லிவிடாவும் சாண்டர்சோனியும் இவ்வளவு செய்தும் பூக்காவிட்டால் வெளிச்சம் இன்னும் போதவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு எளிதாகப் பூப்பவை அவை.

சபுலாட்டாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. குறைந்த வெளிச்சத்தில் அது திறக்காத சிறு மொட்டுகளை விட்டு, உள்ளேயே மகரந்தம் சேர்த்து விதை உதிர்க்கும். பூவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் முளைத்திருக்கும்.

நீர்வகைகள்: பாசியுடன் போராட்டம்

நூல் நூலான பச்சைப் பாசி. நீர்வகை வளர்ப்பவர்களின் முதல் எதிரி இதுதான். கிளைகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டு வெளிச்சத்தை மறைக்கும், பை வாசல்களை அடைக்கும். பாசிக்கொல்லி மருந்து ஊற்றாதீர்கள். அவற்றில் பலவற்றில் செம்பு இருக்கும், அது செடியையும் அது தின்னும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொல்லும்.

பாசி வருவது தண்ணீரில் சத்து இருப்பதால். அந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால்தான் நிற்கும். அழுகும் இலை, அளவுக்கு மீறிப் போட்ட இரை, மீன் கழிவு, குழாய்த் தண்ணீர், இவற்றில் ஒன்றாக இருக்கும்.

செய்ய வேண்டியது இது. செடியின் வளரும் நுனிகளை, 5 முதல் 8 செ.மீ. நீளத்தில், பாசி இல்லாதவையாகப் பார்த்து வெட்டுங்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டுங்கள். ஒரு கிண்ணத்து மழைத்தண்ணீரில் மென்மையான ஓவியத் தூரிகையால் நுனியை நோக்கி வருடி, ஒட்டியிருக்கும் நூல்களை நீக்குங்கள். கிண்ணத்துத் தண்ணீரை மூன்று தடவை மாற்றுங்கள். பழைய பாத்திரத்தைக் காலி செய்து, கழுவி, காயவையுங்கள். புதிய தண்ணீரில் நுனிகளை மட்டும் விடுங்கள். பழைய கிளைகளின் மேல் பாசம் வேண்டாம். இந்தச் செடி ஒரு முனையில் வளர்ந்துகொண்டே மறுமுனையில் செத்துக்கொண்டே போவது, நுனி மட்டும்தான் எதிர்காலம்.

புதிய தண்ணீர் வெறும் மழைத்தண்ணீராக இருந்தால் போதாது. பாத்திரத்தின் அடியில் இரண்டு விரல் உயரம் ஈரப் பீட் பரப்புங்கள், அல்லது காய்ந்த கோரைச் சருகை ஒரு கைப்பிடி போடுங்கள். செக் நாட்டில் நீர்வாழ் ஊனுண்ணித் தாவரங்களைப் பல ஆண்டுகளாக ஆராயும் லுபோமிர் ஆடமெட்ஸ் கோரைச் சருகைத்தான் பரிந்துரைக்கிறார். சருகு மெல்ல மக்கும்போது தண்ணீருக்குக் கரியமில வாயு கிடைக்கும், தண்ணீர் தேநீர் நிறமாகிப் புளிப்பேறும். பி.எச். 5 முதல் 6.5 வரை இருந்தால் செடிக்குப் பிடிக்கும், பாசிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முதல் இரண்டு வாரம் தண்ணீர் கலங்கி இருப்பது வழக்கம். தெளிந்த பிறகு செடியை விடுவது நல்லது.

இரை கொடுப்பதிலும் கை அடக்கம் வேண்டும். ஒரு வாளிக்குச் சில டாஃப்னியாக்களை (தண்ணீர்த் தெள்ளுகளை) விட்டால் அவையே பெருகும், மிதக்கும் பச்சைப் பாசியையும் தின்னும். செத்த இரையைக் கொட்டினால் பைக்குள் போகாது, அடியில் அழுகும். லெம்னா போன்ற மிதக்கும் சிறு இலைகள் மேற்பரப்பில் கால்வாசியைத் தாண்டினால் வலையால் அள்ளிவிடுங்கள்.

கிப்பா வளர்கிறது, பூக்கவில்லை என்றால் ஆழம் அதிகம். ஈரப் பீட்டின் மேல் ஒன்றிரண்டு செ.மீ. தண்ணீர் மட்டும் வைத்து வெயிலில் வையுங்கள். மஞ்சள் பூக்கள் வரும்.

செடி காணாமல் போய்விட்டது

வல்காரிஸ், ஆஸ்ட்ராலிஸ் போன்ற குளிர்நிலத்து இனங்களில் பகல் குறையும்போது கிளைநுனிகள் உருண்டு, இறுக்கமான பச்சைப் பந்துகளாகும். டூரியான் என்பார்கள். மற்றதெல்லாம் அழுகிப் போகும், பந்துகள் அடியில் கிடக்கும். செடி செத்துவிட்டது என்று தண்ணீரோடு கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொட்டுவதற்கு முன் அடியைத் துழாவிப் பாருங்கள். குளிர்காலம் இல்லாத வெப்பமான இடத்தில் வளர்ப்பவர்கள் பந்துகளைச் சிறிது தண்ணீரோடு மூடிய டப்பாவில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் 3 முதல் 5 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் வைக்கலாம். உறைய விடாதீர்கள்.

சில இனங்கள் ஒரே பருவத்தோடு பூத்து, விதைத்து, முடிந்துவிடும். அவற்றில் நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை. விதையை மண்ணோடு விட்டு ஈரமாக வைத்திருங்கள்.

பூச்சிகளும் நத்தைகளும்

பூந்தண்டில் அசுவினி ஏறினால் மருந்து தேவையில்லை. மண்வகைத் தொட்டியை முழுதாகத் தண்ணீருக்குள் ஒன்றிரண்டு நாள் மூழ்கவிடுங்கள். செடிக்கு அது ஒன்றுமில்லை, அசுவினி மூழ்கிச் சாகும். நான்கைந்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை. தொட்டியைச் சுற்றிப் பறக்கும் சிறு கறுப்பு ஈக்கள் தொந்தரவுதான். வளர்ந்த செடிக்குப் பெரிய சேதமில்லை. மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று போதும். நீர்வகைக்குள் நத்தை வந்தால் கையால் எடுங்கள். நத்தைக்கொல்லி மருந்திலும் செம்பு இருக்கக்கூடும்.

மரத்தில் வளர்பவை

ஆல்பைனா போன்றவற்றில் மண்ணுக்குள் சிறு கிழங்குகள் இருக்கும். மண்வகை மாதிரி தட்டுத் தண்ணீரில் உட்கார வைத்தால் கிழங்கு அழுகும். நீளநார் ஸ்பாக்னம் பாசி, பெர்லைட் (எடையற்ற வெள்ளைக் கல் துகள்), ஆர்க்கிட் மரப்பட்டை கலந்து, காற்றோட்டமாக நட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். இரவு வெப்பம் இறங்காத இடத்தில் மலை இனங்கள் படிப்படியாகச் சிறுத்துப்போகும். அங்கே லாஞ்சிஃபோலியாவை முயலுங்கள், அது பொறுமைசாலி.

மீன் தொட்டியில் புல்வெளி

கிராமினிஃபோலியாவை மீன் தொட்டியின் அடியில் புல் போலப் படரவிட ஆசைப்பட்டு, இரண்டாம் வாரத்தில் அது கரைந்துபோவதைப் பார்ப்பவர்கள் நிறைய. சத்து நிறைந்த புதிய அடிமண் முதல் வாரங்களில் அமோனியா விடும், இந்தச் செடிக்கு அது ஆகாது. தொட்டி ஓடி நிலைப்பட்ட பிறகு நடுங்கள். நூல்களைப் பிரிக்காமல் சிறு கட்டிகளாக நடுங்கள். கரியமில வாயு செலுத்தும் வசதி இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பெரிய மீனுக்கு ஆபத்தில்லை. நீர்வகைகளின் பெரிய பைகள் மட்டும் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மீன்குஞ்சைப் பிடித்துவிடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். களைந்தெடுத்த செடியையும் பழைய தண்ணீரையும் குளத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். அரை அங்குலத் துண்டு போதும், முளைத்துவிடும். அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த இன்ஃப்ளாட்டா, வாஷிங்டன் மாநில ஏரிகளில் இப்படி நுழைந்து களையாகிவிட்டது. களைந்ததை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

எப்போது தேறியது என்று சொல்லலாம்?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். தண்ணீரையும் மண்ணையும் வெளிச்சத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. மாற்றிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். மண்வகைக்கு மூன்று வாரம், நீர்வகைக்கு பத்து நாள் பொறுங்கள். பழைய இலை பச்சையாகத் திரும்பாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலம் முடிந்ததும் லென்ஸை எடுத்து நுனியைப் பாருங்கள். சுவர் உள்ளே குழிந்த, நிறமில்லாத ஒரு புதிய பை இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் பழுத்த பகுதியை வெட்டிவிடலாம்.